பனிமூட்டத்தில் விழுந்த கோல்

ரோனி என்ட்விசில் வியாழக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தபோதே மேவிஸுக்கு மனசுக்குள் ஏதோ இடறியது. காரணமில்லாமல் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை என்பது அவள் கட்சி. கடைக்காரன் சிரித்துப் பேசினால் பால் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி "இன்னைக்குக் குளிர் கம்மி இல்ல?" என்றால், இவள் எதற்கு அடி போடுகிறாள் என்று சாயங்காலம் வரை யோசிப்பாள். வானிலை அறிக்கை வாசிக்கிறவனை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு, கையில் இஞ்சிக் கேக் பொட்டலத்தோடு, வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "க்ளிஃப் எப்படி இருக்கான்?" என்று ஒரு மனிதர் வாரா வாரம் வந்தால் சும்மா விடுவாளா?

இத்தனைக்கும் ரோனி வேற்றாள் இல்லை. கால்டர்விக் அத்லெடிக் கால்பந்துக் கிளப்பின் பழைய கேப்டன். மேவிஸின் கணவர் க்ளிஃப் ஹோவர்த் அதே அணியில் முன்வரிசையில் ஆடியவர். ஆனால் ஆட்டம் ஓய்ந்த பிறகு இருவரும் சாவு வீடுகளில் கைகுலுக்கிக்கொண்டதோடு சரி. க்ளிஃபுக்கு மறதி நோய் வந்தபோது ரோனி வரவில்லை. க்ளிஃப் வீட்டுக்கு வழி தெரியாமல் ரயிலடியில் நின்று போலீஸ்காரர் கூட்டிவந்தபோதும் வரவில்லை. கிளப் மைதானத்தின் வெளிச்சுவரில் பெயர் எழுதப்போகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது பாருங்கள், அதற்கு அடுத்த வியாழனே கேக்கோடு வந்து நின்றார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப் ஐரோப்பாவில் ஆடிய ஆட்டங்களையும் அவற்றில் கோல் போட்டவர்களையும் அதில் எழுதப்போகிறார்கள். பெரிய ஊர்க் கிளப்புகள் ஐரோப்பாவில் ஜெயித்த கோப்பைகளைக் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கும். கால்டர்விக்கின் ஐரோப்பியக் கதையை ஒரு மடக்கு டீயைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். ஒரு வருஷம் குருட்டாம்போக்கில் நாட்டுக் கோப்பையை ஜெயித்தார்கள். அதனால் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைத்தது. லக்ஸம்பர்க்கில் கோல் இல்லாமல் முடித்து, ஊரில் மூன்று போட்டு முதல் சுற்றைத் தாண்டினார்கள். அடுத்தது போலந்துக்காரர்கள். இங்கே கோலே விழாமல் இழுத்துப் பிடித்தார்கள். அங்கே, ஏதோ ஒரு சுரங்க ஊரில், நாலுக்கு ஒன்று என்று உதைபட்டுத் திரும்பினார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு கிளப் கடல் தாண்டவே இல்லை. அந்நிய மண்ணில் கால்டர்விக் போட்ட ஒரே கோல் அந்த ஒன்று, அதைப் போட்டவர் க்ளிஃப் ஹோவர்த்.

அன்றைக்கு அங்கே பனிமூட்டம் என்றால் அப்படியொரு பனிமூட்டம். படம் எடுத்தவன் இல்லை, பார்த்தவனும் இல்லை. ஆனாலும் "நான் அங்க இருந்தேன், கண்ணால பார்த்தேன்" என்று சொல்லித் திரிகிறவர்களைக் கூட்டினால் கால்டர்விக்கில் இருந்து அந்த ஆட்டத்துக்குக் கிளம்பிய ஒற்றை பஸ் தாங்காது. மதுக்கடையில் க்ளிஃப் சொந்தக் கையைப் பைக்குள் விட்டதே கிடையாது. யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எழுந்து நின்று அந்தக் கோலைச் சொன்னார். கார்னரில் இருந்து பந்து வந்ததாம், இவர் எழும்பினாராம், நெற்றியில் பட்டதாம், வலை ஆடியதாம். மேவிஸ் அதை எத்தனை தடவை கேட்டிருப்பாளோ, ஒரு தடவையாவது அலுத்தது கிடையாது. எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், அந்தக் கோலை மட்டும் திருப்பிப் பார்த்ததே இல்லை.

இப்போது க்ளிஃப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொலைத்துக்கொண்டிருந்தார். பந்தைத் தலையால் முட்டி முட்டித்தான் இப்படி ஆயிற்று என்றார் டாக்டர். மகள் பெயர் போனது, தெருப் பெயர் போனது. சில நாள் மேவிஸையே ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டர்" என்று கூப்பிடுவார். அவர் மறந்தால் போகட்டும், சுவர் மறக்காது என்று மேவிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் சனிக்கிழமை சுவரைத் திறக்கும்போது அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பெயருக்கு முன்னால் நிறுத்தப் போகிறாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அதில் போய் ஒருவர் கை வைத்தால்?

அவள் சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவினாள். காது முன்னறையில் இருந்தது.

"அன்னைக்குப் பனி எப்படி இருந்துச்சு க்ளிஃப்? ஞாபகம் இருக்கா?"

"பனியா? இருந்துச்சே."

"கோல் விழுந்தப்ப நீ எங்கடா நின்ன?"

க்ளிஃபின் நாற்காலி கிறீச்சிட்டது.

"கோல் கிட்டயா? இல்ல நடுக்கோட்டுக் கிட்டயா?"

கத்தி அந்தரத்தில் நின்றது. இது என்ன கேள்வி? கோல் போட்டவனைப் பார்த்து எங்கே நின்றாய் என்று எவனாவது கேட்பானா? கோலைப் பற்றிக் கேட்காமல், நின்ற இடத்தைப் பற்றி வக்கீல் மாதிரி நோண்டுவது எதற்கு? மேவிஸ் ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

"டீ ஆறிப்போச்சு போலருக்கே. எடுத்துட்டுப் போயிரவா?" என்றாள், ரோனி இன்னும் வாய் வைக்காத கோப்பையைக் கையில் எடுத்தபடி.

"இருக்கட்டும் மேவிஸ். சும்மா பழங்கதை பேசிட்டிருக்கோம்."

"பழங்கதையா? நீங்க கேள்வியால்ல கேக்குறீங்க."

ரோனி தொப்பியைத் தேடினார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். நல்ல எண்ணத்தோடு வந்தவன் கண்ணைப் பார்த்துத்தானே போவான்?

கேக்கை மேவிஸ் தொடவில்லை. பறவைகளுக்குப் போட்டாள். பறவைகள் தின்றதையும் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கவனித்தாள்.

மறுநாள் கிளப் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நைஜல் எடுத்தான். சுவர் வேலையைப் பார்த்துக்கொள்கிறவன், நல்ல பையன், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. மேவிஸுக்கு அதுதான் வசதி.

"நைஜல் கண்ணு, அடுத்த வாரம் சனிக்கிழமைக்கு நாற்காலி உள்ள வர வழி இருக்கான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

"எல்லாம் போட்டாச்சும்மா. பெயிண்டர் லக்ஸம்பர்க் மேட்ச்சை முடிச்சுட்டாரு. போலந்து மட்டும் பாக்கி."

"ரோனி அந்தப் பக்கம் வந்தாரா?"

"வந்தாரே! போன வாரம் சுவர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. போலந்து மேட்ச் எப்ப எழுதுவீங்கன்னாரு. எழுதின பிறகு பேரை மாத்தணும்னா மாத்த முடியுமான்னும் கேட்டாரு. எதுக்குய்யான்னேன். சும்மா கேட்டேன்னாரு."

"சும்மா" என்றாள் மேவிஸ்.

"ஏம்மா, எதாவது பிரச்சினையா?"

"ஒன்னுமில்லப்பா. நீ வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டு மேவிஸ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எரிச்சலில் காது சுட்டது. ஆக, திருட வந்திருக்கிறான். மனுஷனுக்கு நினைவு போன நேரம் பார்த்து, கேட்க ஆள் இல்லாத நேரம் பார்த்து, கேக்கைக் காட்டி உள்ளே நுழைந்து, அவர் வாயாலேயே ஏதாவது ஏடாகூடமாகச் சொல்ல வைத்து, அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டப் பார்க்கிறான். ரோனி அந்தக் காலத்தில் கிளப்புக்காகப் போட்ட பெனால்ட்டி கோல்கள் கொஞ்சநஞ்சமா? இருக்கிறவனுக்கு இல்லாதவன் கையில் இருக்கும் ஒன்றும் வேண்டுமாம்.

அடுத்த வியாழன் அவள் சமையலறைக்குப் போகவில்லை. பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு முன்னறையிலேயே, க்ளிஃபுக்கும் ரோனிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். க்ளிஃப் ஜன்னலோரம் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோனி கேக் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கேளுங்க. இன்னைக்கு என்ன கேக்கணுமோ என் முன்னாலயே கேளுங்க" என்றாள் மேவிஸ்.

"மேவிஸ்…"

"நைஜல் எல்லாம் சொல்லிட்டான். பேரை மாத்தணுமாமே? யார் பேரைப் போடணும்? உங்க பேரா?"

ரோனி மறுப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். மறுத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தலையாட்டினார்.

"ஆமா. அந்தக் கோல் என்னோடது."

மேவிஸ் சிரித்துவிட்டாள். "கேவலமா இல்ல உங்களுக்கு? இவ்வளவு வருஷம் விட்டுட்டு, மனுஷன் இந்த நிலைமைல கெடக்கும்போது வந்து கேக்குறீங்களே!"

"கார்னரை எடுத்தது எங்க ஆளுதான். முட்டினது நான். பனில என் கையே எனக்குத் தெரியல. பந்து உள்ள போனது வலை சத்தத்துலதான் தெரிஞ்சுது. நம்ம பஸ்ல வந்த பசங்க எல்லாம் எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால நின்னானுங்க. ரெஃப்ரி விசில் அடிச்சாரா, அவனுங்களுக்கு கோல்னு மட்டும் தெரிஞ்சுது. யாரு போட்டாங்கன்னு தெரியல. நம்ம ஊர்ல பனி மூடினா பாடுவானுங்கள்ல, அதே மாதிரி பாட ஆரம்பிச்சுட்டானுங்க. 'போட்டது யாரு? போட்டது யாரு?'ன்னு. நான் அந்தப் பக்கமா ஓடிப் போய் 'ஹோவர்த்!'னு கத்தினேன். உடனே இவன் பேரைப் பாட ஆரம்பிச்சவனுங்க நிறுத்தவே இல்ல. பத்திரிகைக்காரனும் ஒன்னும் பாக்கல. பாட்டைக் கேட்டு எழுதிக்கிட்டான்."

"ஏன் கத்தணும்? பொய்யை ஏன் கத்தணும்?"

"அன்னைக்குக் காலைல ஹோட்டல்ல மேனேஜர் இவனக் கூப்பிட்டு, உன்னைத் தெற்குக் கோடில ஒரு கிளப்புக்கு விக்கப் போறோம்னுட்டாரு. இவன் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தான். நீ அப்ப மாசமா இருந்த. இன்னொரு ஊருக்கு மூட்டை கட்டச் சொன்னா மோர்கம்ல அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு நீ சொன்னதா எங்கிட்ட அழுதான்."

மேவிஸின் ஊசி நின்றது. சொன்னாள்தான். பெட்டியைக் கூடக் கட்டிலடியில் இருந்து இழுத்து வைத்திருந்தாள். அது இந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள். தெரிவதற்கு ஒரே வழிதான் இருந்தது.

"ஐரோப்பால கோல் போட்டவன மேனேஜர் விக்க முடியாதுல்ல? வித்தா ஊரே அடிச்சிருக்கும்."

"அவ்வளவு பெரிய தியாகியா நீங்க? அப்புறம் எதுக்கு இப்பத் திருப்பிக் கேக்குறீங்க?"

ரோனியின் முகம் சுருங்கியது. "தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அப்ப நாம ஒரு கோல் முன்னால இருந்தோம். ஜெயிச்சுருவோம்னு நெனச்சேன். அடுத்து இத்தாலி, ஸ்பெயின்னு போவோம், அங்கெல்லாம் நான் இன்னும் பத்து கோல் போடுவேன்னு நெனச்சேன். பத்துல ஒன்னுதானே, போகட்டும்னு குடுத்தேன். அரை மணி நேரத்துல பனி விலகிடுச்சு. அவனுங்களுக்குக் கண்ணு தெரிஞ்சதும் நாலு போட்டானுங்க. அதோட சரி. நான் குடுத்தது பத்துல ஒன்னு இல்ல மேவிஸ். இருந்த ஒன்னையே குடுத்துட்டேன்."

மேவிஸுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு அழகாகச் சொல்கிறவன் எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பான்?

"பாத்தவன் யாரும் இல்ல. நீங்க சொன்னா ஆச்சா?"

"க்ளிஃபுக்குத் தெரியும். அவன் வாயால சொன்னா மட்டும்தான் நைஜல் கிட்ட போவேன். அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். சொல்லலைன்னா அவன் பேரே இருக்கட்டும்."

"சரி, கேட்ருவோம்." மேவிஸ் நாற்காலியைத் திருப்பினாள். "க்ளிஃப், போலந்துல போட்டியே ஒரு கோல், அதச் சொல்லு."

க்ளிஃப் முகம் மலர்ந்தது. அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் அவர் முகம் இப்போதும் மலரும். "கார்னர்ல இருந்து பந்து வந்துச்சு. எழும்பினேன். நெத்தில பட்டுச்சு. வலை ஆடுச்சு பாரு…"

"கேட்டாச்சா?" என்றாள் மேவிஸ். குரலில் வெற்றி இருந்தது. "போதுமா? கேக்கை எடுத்துட்டுக் கிளம்புங்க."

ரோனி எழுந்தார். வாதாடவில்லை. அவர் பொட்டலத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு க்ளிஃபின் தோளைத் தட்டியபோது, க்ளிஃப் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மேவிஸை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு ரோனியின் காதருகே, ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, கேட்டார்.

"கேப்டன், இந்த சிஸ்டர் நல்ல மாதிரியா? வெளிய சொல்லிர மாட்டாங்களே?"

"சொல்ல மாட்டாங்கடா."

"நான் நடுக்கோட்டுல குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிட்டிருந்தேன். திடீர்னு என் பேரப் பாடுறானுங்க. நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல." க்ளிஃப் சிரித்தார், உடனே பயந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "எங்க மேவிஸுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அந்த ஒரு கோலுக்காகத்தான் அவ பெட்டியத் திரும்ப உள்ள வச்சா. அது என்னோடது இல்லன்னு தெரிஞ்சா போயிருவா."

மேவிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐம்பது வருஷத்துக்குக் குறையாது. மகளை வளர்த்தது, கூரை ஒழுகியது, அவருக்கு முழங்கால் அறுவை நடந்தது, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கோலைச் சொன்னது, எல்லாவற்றுக்கும் அடியில் இந்த மனுஷன் இப்படியொரு பயத்தை வைத்துக்கொண்டா அவள் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்? ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டாளே, தன்னைச் சந்தேகப்பட்ட ஒரே ஆளை அவள் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல வந்தது. நர்ஸ் எப்படிக் கட்டிக்கொள்வது?

ரோனி தலை குனிந்து நின்றார். "விடு மேவிஸ். அவன் பேரே இருக்கட்டும். நான் இதுக்கு வந்திருக்கவே கூடாது."

அவர் முகத்தில் எங்காவது ஒரு துளி சந்தோஷம் தெரிகிறதா என்று மேவிஸ் பழக்கதோஷத்தில் தேடிப் பார்த்தாள். இல்லை. அவள் க்ளிஃபின் முன்னால் போய் மண்டியிட்டாள். முட்டி வலித்தது.

"மேவிஸ எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நல்லாத் தெரியும். அவளுக்கு இந்த விஷயம் எப்பவோ தெரியும். ஆரம்பத்துல இருந்தே தெரியும். தெரிஞ்சேதான் பெட்டிய உள்ள வச்சா."

வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு நேராக முகம் பார்த்து அவள் சொன்னதில்லை. க்ளிஃப் அவளை உற்றுப் பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"நிசமாவா சிஸ்டர்?"

"நிசமா."

க்ளிஃபின் தோள் மெல்லத் தளர்ந்தது. பெரிதாக மூச்சு விட்டார். "அட கிறுக்கி" என்றார், அவ்வளவு ஆசையோடு. பிறகு ரோனியை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எனக்கு எதுக்குடா அது? நீயே வச்சுக்க."

ரோனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டை கிடைக்காமல் தொப்பியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். க்ளிஃப் கேக் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மேவிஸ் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, நடைக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

"நைஜல், போலந்து மேட்ச் எழுதியாச்சா?"

"இல்லம்மா. பெயிண்டர் ஏணி மேல நிக்கிறாரு. இப்ப உங்க வீட்டுக்காரர் பேர்தான்."

"நிறுத்தச் சொல்லு. அது ரோனி என்ட்விசிலோட கோல். அவர் பேர எழுது."

அந்தப் பக்கம் நைஜல் வாயடைத்துப் போனான். அவனுக்கு அப்படி ஆனது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்னம்மா சொல்றீங்க? கமிட்டில கேப்பாங்களே. ஆதாரம் எதாவது இருக்கா? பாத்தவங்க யாராவது?"

முன்னறையில் க்ளிஃப் கேக்கைப் பிட்டு ரோனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். துணுக்கெல்லாம் கம்பளியில் விழுந்தது.

"யாரும் பாக்கல" என்றாள் மேவிஸ். "எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நான் நம்புறேன்."